ஒரு பென்னிதானே!

"ஐந்து ரூபாய்தானே!"

நாம் பணியாற்றும் பள்ளியின் ஆசிரியர் அறையில், சென்ற மாதம் ஒருவர் உதிர்த்த சொல் இது. சொன்னவர் கல்நெஞ்சர் அல்லர். நம்மைப் போல் மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிடுபவர்தாம். பேச்சு, பள்ளியைப் பெருக்கி, சிறு குழந்தைகளின் முகம் துடைத்து, மணியடித்து, மாலையில் கதவைப் பூட்டிச் செல்லும் ஆயாம்மாவைப் பற்றியது.

ஆயாம்மாவின் சிற்றூர் பள்ளியிலிருந்து ஆறு கிலோமீட்டர். பெண்கள் கட்டணமின்றி ஏறக்கூடிய டவுன் பஸ் அவ்வூருக்கும் உண்டு. ஆனால் காலையில் அது ஊருக்குள் நுழைவது எட்டரை மணிக்கு. பள்ளி திறக்கவேண்டியதோ எட்டு மணிக்கு! ஆகவே ஷேர் ஆட்டோ. தலைக்குப் பதினைந்து ரூபாயாக இருந்தது இருபது ஆயிற்று. போக இருபது, வர இருபது, நாளைக்கு நாற்பது. இருபத்தைந்து வேலை நாளுக்கு ஆயிரம் ரூபாய். சம்பளம் ஆறாயிரம். ஆறு நாள் உழைத்தால், அதில் ஒரு நாள் உழைப்பு வழிக்கே போய்விடுகிறது!

கட்டணம் ஏறிய மறு வாரத்திலிருந்து ஆயாம்மா காலையில் நடந்து வரத் தொடங்கினார். மூன்று நாள் நேரம் தவறினால் அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள், பிடித்தார்கள். "கொஞ்சம் முன்னதாகவே புறப்படக் கூடாதா, ஆயாம்மா?" என்று நாமும் கேட்டோம். "நாலரைக்கே எழுந்திருக்கிறேன் சார், இன்னும் எப்படி முன்னாடி?" என்றார். நமக்கு மறுமொழி இல்லை. கேட்டதற்காக வெட்கப்பட்டோம். அந்த வெட்கமே வரலாற்று ஏடுகளைப் புரட்ட வைத்தது.

புரட்டிப் பார்த்தபோது, "ஐந்து ரூபாய்தானே" என்ற சொல்லின் மூதாதையர் பலரைக் கண்டோம். "காலணாதானே" என்று ஒரு நகரில் சொன்னார்கள். "ஒரு பென்னிதானே" என்று மற்றொரு நகரில் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களுக்கு மக்கள் அளித்த பதிலும் ஏட்டில் இருக்கிறது.

முதலில் ஒன்று கேட்போம். வேலைக்குப் போகும் வழி எப்போது நீண்டது? உழவன் வயலருகே வாழ்ந்தான். நெசவாளிக்குத் தறி வீட்டிலேயே இருந்தது. ஆலை வந்தது, அலுவலகம் வந்தது, நகரம் பெருத்தது. நகரம் பெருக்கப் பெருக்க நிலத்தின் விலை ஏறியது. விலை ஏற ஏற ஏழை வெளியே தள்ளப்பட்டான். வேலை நடுவிலே, வீடு விளிம்பிலே! இடையே உள்ள தொலைவை உண்டாக்கியவன் ஏழையல்லன். ஆனால் அத்தொலைவுக்குக் கப்பம் கட்டுபவன் மட்டும் அவனே!

இதை முதலில் பெரிய அளவில் கண்ட நகரம் இலண்டன். இங்கிலாந்திலே புகைவண்டி வந்த புதிதில், மூன்றாம் வகுப்பு என்றால் பல இடங்களில் கூரையில்லாத வண்டி. மழையும் கரியும் தலைமேல். 1844இல் கிளாட்ஸ்டன் வணிகத் துறைப் பொறுப்பில் இருந்தபோது ஒரு சட்டம் வந்தது. நாள்தோறும் ஒரு வண்டியாவது, மைலுக்கு ஒரு பென்னிக்கு மிகாத கட்டணத்தில், மழை படாத பெட்டியுடன், நிற்கும் நேரம் உட்பட மணிக்குப் பன்னிரண்டு மைல் வேகத்துக்குக் குறையாமல் ஓடவேண்டும் என்றது அச்சட்டம். ஏழைக்கும் பயணம் உண்டு என்று சட்டப் புத்தகம் ஒப்புக்கொண்ட நாள் அது.

பின்னர் புகைவண்டிக் கம்பெனிகள் நகரின் நடுவே நிலையங்கள் கட்டப் புறப்பட்டன. எவர் வீட்டை இடித்து? சீமான்களின் மாளிகைகளையா? இல்லை, மலிவான நிலம் எதுவோ அது, அதாவது ஏழைகளின் குடியிருப்பு! லிவர்பூல் தெரு நிலையத்துக்காகப் பல ஆயிரம் பேரின் வீடுகள் இடிபட்டன. இடிபட்டோர் வெளியே எட்மண்டன், வால்தம்ஸ்டோ பக்கம் குடியேறினால், வேலைக்கு வருவது எப்படி என்ற கேள்வி எழுந்தது. கிரேட் ஈஸ்டர்ன் கம்பெனிக்கு 1864இல் அனுமதி அளித்த சட்டம் அதற்கு ஒரு நிபந்தனை வைத்தது. அப்பகுதிகளிலிருந்து தொழிலாளருக்குப் போக வர இரண்டே பென்னியில் வண்டி விடவேண்டும் என்பதே அது. வீட்டைத் தொலைவுக்குத் தள்ளியவனே அத்தொலைவின் செலவிலும் பங்கு தரவேண்டும் — இந்த நியாயம் அன்று சட்டமாயிற்று. 1883இல் 'மலிவுப் புகைவண்டிச் சட்டம்' இதையே எல்லாக் கம்பெனிகளுக்கும் விரித்தது. மைலுக்கு ஒரு பென்னிக்கு மிகாத கட்டணத்துக்கு வரி கிடையாது. அதற்கு ஈடாக, மாலை ஆறு முதல் காலை எட்டு வரை, தேவையான அளவு தொழிலாளர் வண்டிகளை மலிவாக விடவேண்டும்.

நல்ல சட்டம்தான். ஆனால் நடைமுறையில் ஒரு முள் இருந்தது. மலிவுச் சீட்டு விடியற்காலை வண்டிக்கு மட்டுமே செல்லும். எட்டரைக்கும் ஒன்பதுக்கும் கடை திறக்கும் பெண் ஊழியர்கள், மலிவுக்காக முன்னதாகவே வந்திறங்கி, குளிரிலே தெருவில் காத்து நின்றனர். சில இடங்களில் மாதா கோயில்கள் கதவைத் திறந்து அவர்களுக்கு ஒதுங்க இடம் தந்தன. சலுகை இருந்தது, அதன் நேரம் பொருந்தவில்லை. நம் ஆயாம்மாவுக்கு எட்டரை மணிக்கு வரும் இலவச பஸ்ஸைப் போல!

இங்கிலாந்தில் சட்டம் போட்டுக் கட்டணத்தைக் கட்டுப்படுத்திய வெள்ளையர், தாம் ஆண்ட நாடுகளில் அந்த நியாயத்தை ஏற்றுமதி செய்யவில்லை. கல்கத்தாவில் டிராம் ஓட்டிய கம்பெனி இலண்டனைத் தலைமையகமாகக் கொண்டது. நாடு விடுதலை பெற்று ஆறாண்டுகள் ஆன பின்னும் அதன் கையிலேயே டிராம் இருந்தது. 1953 சூலை முதல் நாள், இரண்டாம் வகுப்புக் கட்டணத்தைக் காலணா உயர்த்தியது கம்பெனி. ரூபாயில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு! ஆனால் இரண்டாம் வகுப்பில் ஏறுபவர் யார்? எழுத்தர், கூலி, மாணவர், நாட்டுப் பிரிவினையால் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த ஏதிலியர். பழைய கட்டணத்தை மட்டும் நீட்டினர், டிராமைப் புறக்கணித்தனர், கடையடைப்பு நடந்தது, தடியடி, சிறை, துப்பாக்கிச் சூடு அனைத்தும் வந்தன. அம்மாத இறுதியில் உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. வங்க மக்கள் இன்றும் அதை 'ஒரு பைசாப் போர்' என்று நினைவுகூர்கின்றனர்.

காலணாவுக்காகக் கல்கத்தா கொதித்தது. ஆனால் அவர்களுக்கு வாக்குரிமை இருந்தது, சட்டமன்றத்தில் பேச உறுப்பினர் இருந்தனர். வாக்கும் இல்லை, மன்றமும் இல்லை, தன் நாட்டிலேயே சீட்டுக் காட்டாமல் தெருவில் நடக்கும் உரிமையும் இல்லை என்ற நிலையில் உள்ளவர்கள் என்ன செய்ய முடியும்? தென்னாப்பிரிக்காவின் அலெக்சாந்திரா அதற்கு விடை கூறுகிறது. நாம் சற்று நின்று பார்க்கவேண்டிய ஊர் அது.

ஜோகன்னஸ்பர்க் நகரின் வடகிழக்கே, ஏறத்தாழ ஒன்பது மைல் தொலைவில் உள்ளது அலெக்சாந்திரா. 1912இல் கருப்பர் குடியிருப்பாக அறிவிக்கப்பட்டது. கருப்பர் நிலம் வாங்குவதற்கு நாடெங்கும் கடுந்தடை விதித்த 1913ஆம் ஆண்டு நிலச்சட்டத்துக்கு முந்தியது என்பதால், கருப்பர் சொந்தமாக மனை வைத்திருக்க முடிந்த மிகச் சில இடங்களில் ஒன்றாயிற்று. மின்விளக்கு இல்லாததால் 'இருட்டு நகரம்' என்றே அதற்குப் பெயர். நகரின் தங்கத்துக்கும் வணிகத்துக்கும் கருப்பரின் கை வேண்டும். ஆனால் கருப்பரின் வீடு நகரில் இருத்தல் ஆகாது! இதுவே அன்றைய வெள்ளை ஆட்சியின் நீதி. காலையில் வா, மாலையில் போய்விடு. வருவதற்கும் போவதற்கும் நீயே காசு கொடு!

நெல்சன் மண்டேலா இளைஞராக 1941இல் அவ்வூரில்தான் ஓர் அறையில் குடியிருந்தார். வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. வாரச் சம்பளம் இரண்டு பவுன். அறை வாடகை மாதம் பதின்மூன்று ஷில்லிங் நான்கு பென்னி. பஸ்ஸுக்கோ மாதம் ஒரு பவுனுக்கு மேல்! இருபது ஷில்லிங் ஒரு பவுன் என்பதை நினைவிற்கொண்டு இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தங்கும் கூரைக்குக் கொடுத்ததைவிட, அக்கூரையிலிருந்து வேலைக்குப் போய்வரக் கொடுத்தது அதிகம். காசை மிச்சப்படுத்த அவர் பல நாள் நடந்தே போய் நடந்தே வந்தார். தன் வரலாற்றிலே இவற்றை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அவர் தனியாக நடந்தார். அது சிக்கனம். 1943 ஆகஸ்டில் பஸ் கட்டணம் நான்கு பென்னியிலிருந்து ஐந்தாக உயர்ந்தபோது, ஊரே சேர்ந்து நடந்தது. அது போராட்டம்! மண்டேலாவும் அக்கூட்டத்தில் ஒருவர். ஒன்பது நாள் பஸ்கள் காலியாக ஓடின. கட்டணம் மீண்டும் நான்கு பென்னி ஆயிற்று. 1944 நவம்பரில் மீண்டும் உயர்வு, மீண்டும் நடை. இம்முறை ஏழு வாரம். மறு ஆண்டு 'பட்கோ' என்ற புதிய கம்பெனி அமைக்கப்பட்டது. அரசு உதவித்தொகையுடன் நான்கு பென்னி நிலைத்தது.

பன்னிரண்டு ஆண்டு சென்றது. டயர், எண்ணெய், கூலி எல்லாம் ஏறிவிட்டன என்றது கம்பெனி. உதவித்தொகையை உயர்த்த மாட்டோம் என்றது அரசு. இருவருக்கும் இடையே கிடைத்தவன் தொழிலாளி. 1957 சனவரி 7 முதல் ஐந்து பென்னி!

ஒரு பென்னிதானே? கணக்குப் போடுவோம். போக ஒன்று, வர ஒன்று. ஆறு நாளுக்குப் பன்னிரண்டு பென்னி, அதாவது வாரம் ஒரு ஷில்லிங். வாரக் கடைசியில் ஒரு ஷில்லிங் குறைந்தால் எந்தச் செலவைக் குறைப்பது? ரொட்டியையா? குழந்தைக்குப் பாலையா? வாடகையைக் குறைக்க முடியாது. வரியைக் குறைக்க முடியாது. குறைக்கக் கூடியது வயிறு ஒன்றுதான். அதனால் அவர்கள் வயிற்றுக்குப் பதிலாகக் காலை முன்வைத்தார்கள்.

"அசிக்வெல்வா!" இதுதான் முழக்கம். ஏறமாட்டோம் என்பது பொருள். சனவரி ஏழாம் நாள் விடியுமுன்னே அலெக்சாந்திரா மக்கள் லூயி போத்தா அவென்யூவில் இறங்கி நகரை நோக்கி நடந்தனர். பக்கத்திலே பஸ்கள் காலியாகச் சென்றன. மாலையில் அதே கூட்டம் திரும்பியது. ஒன்பது மைல் போக, ஒன்பது மைல் வர. இடையே முழு நாள் வேலை! வெள்ளையர் வீட்டுத் துணி துவைக்கும் பெண்கள் நடந்தனர், மூட்டை தூக்குவோர் நடந்தனர், நரைத்தவர் நடந்தனர். அங்கே சனவரி கோடைக் காலம். பகலில் வெயில், மாலையில் இடி மழை. போராட்டம் சோஃபியாடவுனுக்கும், பிரிட்டோரியாவின் குடியிருப்புகளுக்கும் பரவியது. அலெக்சாந்திராவிலிருந்து மட்டும் நாள்தோறும் நடந்தவர் ஏறத்தாழ பதினைந்தாயிரம்.

அந்நேரம் எது என்பதையும் நோக்கவேண்டும். அதற்கு முந்திய மாதமே, 1956 டிசம்பரில், ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் தலைவர்கள் உள்ளிட்ட 156 பேரைத் துரோகக் குற்றம் சாட்டிக் கைது செய்திருந்தது அரசு. பெருந்தலைவர்கள் வழக்கு மன்றத்தில். எனினும் ஊர் நடந்தது! பல சங்கத்தினரும் பல கொள்கையினரும் ஒரு குழுவாகக் கூடி, திறந்தவெளிக் கூட்டங்களில் மக்களைக் கேட்டு முடிவு செய்தனர். பின்னாளில் விடுதலை பெற்ற தென்னாப்பிரிக்காவின் வெளியுறவு அமைச்சரான ஆல்ஃபிரட் இன்சோ அவர்களில் ஒருவர்.

இது கட்டணத் தகராறு அல்ல, அரசியல் சதி என்றார் போக்குவரத்து அமைச்சர் பென் ஷுமான். பணிய மாட்டோம் என்றார். போலீஸ் சாலையில் இறங்கியது. நடப்பவர்களை நிறுத்தி 'பாஸ்' கேட்டது. மிதிவண்டியில் சென்றவர்களின் சக்கரத்துக் காற்றைப் பிடுங்கிவிட்டது. நடந்து களைத்தோரைத் தம் காரில் ஏற்றிச் சென்ற வெள்ளையர் சிலர் உண்டு. அவர்களையும் மறித்து உரிமம் கேட்டது. காற்றைப் பிடுங்கியவர்கள் எண்ணியது ஒன்று, நடந்ததோ வேறு. இருப்பவனுக்கு எவ்வளவு அச்சம் என்பதை இல்லாதவன் கண்டுகொண்டான்!

வாரங்கள் ஓடின. வேலைக்காரர் களைத்து வந்தால் வேலை களைக்கிறது. கடைக்கும் ஆலைக்கும் நட்டம். அப்போதுதான் முதலாளிகளுக்கு ஓர் உண்மை விளங்கியது: தொழிலாளி வந்து சேர்வது தொழிலாளியின் தேவை மட்டுமன்று, நமது தேவையும் ஆகும்! ஜோகன்னஸ்பர்க் வணிகர் சபை இருபத்தையாயிரம் பவுன் நிதி ஒதுக்கியது. பயணி நான்கு பென்னிக்கே சீட்டு வாங்குவான். ஐந்தாவது பென்னியை அந்நிதி கொடுக்கும். இது தற்காலிக ஏற்பாடு, ஏற்கலாமா கூடாதா என்று மக்களிடையே பெரும் வாதம் நடந்தது, பிளவும் வந்தது. இறுதியில் ஏப்ரல் தொடக்கத்தில், ஏறத்தாழ மூன்று மாத நடைக்குப்பின், அலெக்சாந்திரா மக்கள் பழைய நான்கு பென்னிக்கே பஸ் ஏறினர். அவ்வாண்டே, வேலை கொடுப்போர் தரவேண்டிய போக்குவரத்துத் தொகையை உயர்த்திச் சட்டம் வந்தது. வாக்குரிமையற்ற மக்கள், தமக்கு இடமே இல்லாத நாடாளுமன்றத்தில் ஒரு சட்டத்தைத் தம் கால்களால் எழுதினர்!

மிகைப்படுத்திச் சொல்ல விரும்பவில்லை. பென்னி மிஞ்சியது, பாஸ் போகவில்லை. மூன்றாண்டு கழித்து, 1960 மார்ச் 21 அன்று, ஷார்ப்வில்லில் பாஸ் முறையை எதிர்த்துத் திரண்டோர் மீது துப்பாக்கி சுட்டது. அறுபத்தொன்பது பேர் மாண்டனர். நிற வெறி ஆட்சி வீழ 1994 ஆயிற்று. ஆனால் 'சேர்ந்து மறுத்தால் வெல்லலாம்' என்ற பாடத்தை அலெக்சாந்திரா நடந்து கற்றது, நடந்தே கற்பித்தது.

பிறர் அப்பாடத்தைப் போராட்டமின்றியே படித்ததும் உண்டு. பிரான்சு நாடு 1971இல் பாரிசு வட்டாரத்துக்கு ஒரு சட்டம் செய்தது: சிறு கடைகள் நீங்கலாக, ஆள் வைத்து வேலை வாங்கும் நிறுவனங்கள் சம்பளத் தொகையில் ஒரு பங்கைப் பொதுப் போக்குவரத்துக்குத் தரவேண்டும் என்று. 1973இல் பிற பெரு நகரங்களுக்கும் அதை விரித்தது. 2020இல் லக்சம்பர்க் நாடு, பொது வண்டிகளில் கட்டணத்தையே நீக்கியது.

நம் மாநிலத்துக்கு வருவோம். 2018 சனவரியில் பஸ் கட்டணம் ஒரே நாளில் பெரிதாக உயர்ந்தபோது, மாணவர்கள் தெருவில் இறங்கினர். சில நாளில் உயர்வின் ஒரு சிறு பகுதி குறைக்கப்பட்டது. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. வேலைக்குப் போகும் பெண்ணின் பையில் மாதந்தோறும் மிஞ்சிய பணம் அரிசியாயிற்று, மருந்தாயிற்று, பிள்ளையின் நோட்டுப் புத்தகம் ஆயிற்று. எம் வகுப்பிலேயே அதைக் கண்டோம். ஆனால் இலண்டன் கற்பித்த பாடத்தையும் மறத்தல் ஆகாது. நேரத்துக்கு வராத வண்டி, எவ்வளவு மலிவானாலும் ஏழைக்குப் பயனில்லை. இலவசம் என்று எழுதிய பஸ் எட்டரைக்கு வந்தால், எட்டு மணி வேலைக்காரி இருபது ரூபாய் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

"சமாளித்துக்கொள்" என்பது நாம் ஏழைக்கு வழக்கமாகக் கூறும் அறிவுரை. முன்னதாக எழு, ஒரு வேளை தேநீரை விடு, இரண்டு நிறுத்தம் நட. இச்சமாளிப்புக்கான காசு எங்கிருந்து வருகிறது? அவர்களின் தூக்கத்திலிருந்து, வயிற்றிலிருந்து, முழங்காலிலிருந்து. வண்டிக்காரரைப் பழிப்பதும் தீர்வு ஆகாது. ஷேர் ஆட்டோக்காரரும் எண்ணெய் விலையில் வேகிறவரே. இருவரையும் மோதவிட்டு, வேலை வாங்குவோரும் திட்டமிடுவோரும் ஒதுங்கி நிற்பதே பிழை. தொலைவை உண்டாக்கியவர் யார், உழைப்பால் பயன் பெறுபவர் யார் என்று கேட்டு, வழிச் செலவை அவர்கள்மீதும் பங்கிட்ட இடங்களில்தான் ஏழைக்கு மூச்சு வந்திருக்கிறது. வரலாறு முழுதும் நாம் கண்டது இதுவே.

சென்ற ஞாயிறு ஆசிரியர்கள் நால்வர் ஆயாம்மாவின் ஊருக்குப் போனோம். அந்த எட்டரை மணி பஸ்ஸை ஏழரைக்கு விடவேண்டும் என்று ஒரு விண்ணப்பம் எழுதினோம். பூக்கட்டும் பெண்கள், கட்டட வேலைக்குப் போவோர், கல்லூரி மாணவியர் என்று ஐம்பத்துமூன்று பேர் ஒப்பமிட்டனர். முதல் கையெழுத்து ஆயாம்மாவுடையது. எழுத்துக் கூட்டி மெதுவாக எழுதினார். நேரந்தவறலுக்குப் பிடித்த அரை நாள் சம்பளத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று பள்ளி நிர்வாகத்துக்கும் தனியே ஒரு கடிதம் கொடுத்தோம். "ஐந்து ரூபாய்தானே" என்ற நண்பரும் அதில் கையெழுத்திட்டார்.

மறுமொழி இரண்டுக்கும் இன்னும் வரவில்லை. வரும்வரை கேட்போம். ஆயாம்மா நாளை காலையும் நாலரைக்கு எழுந்து நடக்கத்தான் போகிறார். ஆனால் அவர் தனியாக நடப்பதை இனி நாம் சிக்கனம் என்று சொல்ல மாட்டோம்.